ஓடில்லாத சதை

2012 ஜூன் 28, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. அலபாமாவின் தென்கோடியில், பயூ லா பேட்ரி என்ற கடலோர ஊரின் நண்டுக் கொட்டகை ஒன்றில் பதினோரு பெண்கள் எஃகு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் மருத்துவக் காப்பீடு இல்லை.

அவித்த நண்டுகள் மேசை நடுவில் சிவந்து குவிந்திருந்தன. ஆவி இன்னும் அடங்கவில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு நண்டை இழுத்து, முதுகோட்டைக் கழற்றி, கால்களை ஒடித்து, குட்டைக் கத்தியின் நுனியால் வெள்ளைச் சதையை நெம்பித் தன் டப்பாவில் போட்டாள். நண்பகலில் எடை, எடைக்குத்தான் கூலி. சதையில் ஓட்டுத் துணுக்கு கிடந்தால் மட்டும் முதலாளி ராய்ஸ் பொறுக்கமாட்டார். சாப்பிடுகிறவன் பல்லில் ஓடு கடிபட்டால் ஓட்டல்காரன் வேறு கொட்டகையைத் தேடிப் போய்விடுவான்.

இடெல்லா பெட்வேயும் ரோண்டா போசார்ஜும் பத்தொன்பது வருடமாக அடுத்தடுத்த நாற்காலி. இடெல்லா கறுப்பினத்தவள், விதவை, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். ரோண்டா வெள்ளைக்காரி, இறால் படகுக்காரனின் மனைவி. இருவரும் ஒருமுறைகூட ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டதில்லை.

எல்லோரும் காப்பீடு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று வாஷிங்டனில் போட்ட சட்டம் செல்லுமா செல்லாதா என்று அன்று காலை உச்ச நீதிமன்றம் சொல்லப்போகிறது. அந்த வாரம் முழுக்க இருவருக்கும் இதே சண்டைதான்.

"வேண்டாத சாமானை வாங்கலேன்னா அபராதமாம். எந்த ஊரு நியாயம்டி? நாளைக்கே வெண்டைக்காய் வாங்குன்னு சட்டம் போடுவான், வாங்குவியா?" என்றாள் ரோண்டா.

"வெண்டைக்காய்னா வாங்குவேன். நீ பொரிக்கிற வெண்டைக்காயைத்தான் வாயில வைக்க முடியாது."

"பேச்சை மாத்தாதே."

"உன் புருஷன் லாரிக்கு இன்ஷூரன்ஸ் கட்டலை?"

"லாரி வேணாம்னா நடந்து போகலாம். உடம்பைக் கழட்டி எங்க வைக்கிறது?"

"அதைத்தான் நானும் சொல்றேன். கழட்டி வைக்க முடியாத சாமானுக்குத்தான் இன்ஷூரன்ஸ் வேணும்."

மேசை சிரித்தது. எதிரே உட்கார்ந்திருந்த லாவோஸ்காரி பூன்மி, ரேடியோவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் வாயால நண்டு உரிச்சிருந்தா இந்நேரம் மூணு டப்பா ரொம்பியிருக்கும்."

சட்டம் செல்லாது என்று ரோண்டாவும் செல்லும் என்று இடெல்லாவும் முன்பே பந்தயம் கட்டியாகிவிட்டது. தோற்றவள் நண்பகல் வரை ஜெயித்தவளின் டப்பாவுக்கு உரிக்க வேண்டும்.

இடெல்லா யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. குளிர்காலத்திலிருந்து அவளுடைய வலது கையில் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, சின்ன அறுவை செய்தால் சரியாகிவிடும் என்று இலவச மருத்துவமனை டாக்டர் சொல்லியிருந்தார். அறுவை அங்கே செய்யமாட்டார்கள். "அந்தச் சட்டம் செல்லும்னு தீர்ப்பு வந்தா உங்களை மாதிரி ஏழைங்களுக்கு அரசாங்கக் காப்பீடு வந்துடும். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க" என்றிருந்தார். ஓடு எது, சதை எது என்று விரலுக்குத் தெரியாதவளுக்கு இந்த மேசையில் இடமில்லை.

ரேடியோவில் அறிவிப்பாளர் மூச்சிரைக்கப் பேசினார். கட்டாயப்படுத்துவது செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டதாம்.

ரோண்டா எழுந்து நின்றாள். இரண்டு கையிலும் நண்டுக் கொடுக்கு. அவற்றைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ஈரத் தரையில் ஒரு சுற்று ஆடினாள். "அல்லேலூயா! உன் கடவுளும் என் கட்சிதான் இடெல்லா!"

இடெல்லா தன் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, ரோண்டாவின் டப்பாவை இழுத்து அதில் சதையைப் போட ஆரம்பித்தாள். ரோண்டா கோலா பாட்டிலைத் திறந்து, அந்த ஊர் வழக்கப்படி வறுத்த வேர்க்கடலையை உள்ளே கொட்டி, நாற்காலியில் மகாராணி மாதிரி சாய்ந்தாள்.

"வேகம் பத்தலை, பொண்ணே."

"வாயை மூடிட்டுக் குடி."

கால் பாட்டில்கூடக் காலியாகவில்லை. அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். முதல் சில பக்கங்களைப் படித்துவிட்டு அவசரப்பட்டுவிட்டார்களாம். அபராதத்தை வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது மீதித் தீர்ப்பு. சட்டம் செல்லும்.

இடெல்லா மெல்ல எழுந்தாள். ரோண்டாவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கினாள். கடலையை மென்றுகொண்டே ஒரு மடக்குக் குடித்தாள். மேசை முழுக்கக் கொடுக்குகளால் தட்டி ஆர்ப்பரித்தது. ராய்ஸ் கதவு வழியாகத் தலையை நீட்டினார். "என்ன, நண்டு உசிரோட எழுந்திருச்சா?"

"அபராதம்னா தப்பாம், வரின்னா சரியாம்!" ரோண்டா கத்தினாள். "என் புருஷனும் இப்படித்தான். 'குடிக்கலைடி, ருசி பாத்தேன்'ம்பான்."

இடெல்லா தேவாலயப் பாட்டு ஒன்றை எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஏழைகளுக்கான காப்பீட்டைக் கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம் என்ற பகுதியை அறிவிப்பாளர் படிப்பதற்குள், பூன்மி ரேடியோவைப் பாட்டு நிலையத்துக்குத் திருப்பிவிட்டாள்.

"போட்டதையெல்லாம் திருப்பி எடுத்துக்கோ," என்று ரோண்டா தன் டப்பாவில் கைவிட்டு மேலே கிடந்த சதையை அள்ளினாள். விரலில் ஓடு குத்தியது. இன்னொன்று. மறுபடி ஒன்று.

"ஏண்டி, வயித்தெரிச்சல்ல ஓட்டையும் சேர்த்தா போட்டே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். இடெல்லா பாடிக்கொண்டே உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நடுவிரலிலிருந்து ரத்தம் கத்திப் பிடி வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

"இடெல்லா. ரத்தம் வருது."

"எங்க?"

ரோண்டா அந்தக் கையைப் பிடித்து மேசைக்குக் கீழே இழுத்தாள். குரல் இறங்கியது. "எவ்ளோ நாளா இப்படி?"

"குளிர்லேருந்து."

"எங்கிட்டகூடச் சொல்லலை."

"சொன்னா உன் கட்சிக்காரன் வந்து தைச்சு விடுவானா?" இடெல்லா சிரித்தாள். "இப்பத்தான் ஜெயிச்சுட்டேனே. இனிமே சரியாயிடும்."

"எனக்கும் ராத்திரியில விரல் மரத்துப்போகுது," என்றாள் ரோண்டா. தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். ரத்தம் பட்ட சதையைக் குப்பையில் கொட்டிவிட்டு, கத்தியைக் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு இடெல்லாவின் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, துழாவி ஓடு பொறுக்கிக்கொண்டே நண்பகல் வரை அதற்கு உரித்தாள். கொட்டகையிலேயே அன்று இடெல்லாவின் டப்பாதான் அதிக எடை. அதன் பிறகு தினமும் எடைக்கு முன்னால் ரோண்டாவின் விரல்கள் இடெல்லாவின் டப்பாவை ஒருமுறை துழாவிவிட்டு வந்தன. சண்டை மட்டும் நிற்கவில்லை.

அடுத்த வருடக் கடைசியில், காப்பீட்டுக்குப் பதிவு செய்ய இருவரும் ஊர் நூலகத்துக்குப் போனார்கள். ரோண்டா போனது வரிக்குப் பயந்து. கணினி முன்னால் இருந்த பெண் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். இறால் வருமானமும் சேர்ந்ததில் ரோண்டாவுக்கு அரசு உதவியோடு மலிவாகவே கிடைத்தது.

இடெல்லாவின் முறை வந்தபோது அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏழைங்களுக்கான காப்பீடு வேண்டாம்னு நம்ம மாநிலம் சொல்லிடுச்சும்மா. மத்த உதவிக்கு உங்க வருமானம் பத்தலை. இன்னும் கொஞ்சம் கூடுதலா சம்பாதிச்சிருந்தா கிடைச்சிருக்கும்."

"இதைக் கொஞ்சம் ராய்ஸ்கிட்ட வந்து சொல்லேன், தாயி," என்றாள் இடெல்லா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரோண்டா சிரிக்கவில்லை.

ஏப்ரலில் ரோண்டாவின் வலது மணிக்கட்டில் அறுவை நடந்தது. அவள் விடுப்பில் இருந்தபோது, மொபீல் நகர ஓட்டல் ஒன்றிலிருந்து இடெல்லாவின் எண் ஒட்டிய டப்பா திரும்பி வந்தது. ராய்ஸ் சத்தம் போடவில்லை. ரப்பர் பூட்ஸையும் தண்ணீர்க் குழாயையும் கொடுத்து, நண்டு அவிக்கும் கூடைகளைக் கழுவ அனுப்பினார். அந்த வேலைக்குக் கூலி குறைவு.

ரோண்டா திரும்பி வந்த அன்று பக்கத்து நாற்காலியில் காலிக் கூடைகள் அடுக்கியிருந்தன. கொட்டகையின் மறுகோடியிலிருந்து இடெல்லா கத்தினாள்: "ஏய் ரோண்டா! அன்னிக்குப் பந்தயத்துல ஜெயிச்சது யாருடி?"

சொல்லிவிட்டுக் குழாயைத் திருப்பி அவள்மேல் பீய்ச்சினாள். மேசை முழுக்கச் சிரிப்பு. ரோண்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

நண்பகலில் எடை போட்டபோது ரோண்டாவின் டப்பாதான் அதிகம் இருந்தது. அதில் ஓடு இல்லை.