கொட்டகைக்கு வந்த கடல்

கோழிக்கொட்டகைக்குள் ஒரு நாள் காலையில் கடல் வந்தது. தண்ணீர் மட்டும்தான் இல்லை. உப்பு வாடை, இரைச்சல், ஏற்றம், வற்றம் எல்லாம் இருந்தன. கோழிகள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கால்களால் துழாவியபடி வாத்துகளைப் போல மிதந்தன. கதவைத் திறந்த கோழிக்காரி முதலில் பார்த்தது அவற்றின் கொண்டைகளைத்தான். வெளிறிக் கிடந்தவை சிவந்திருந்தன. மிதப்பதை அப்புறம்தான் கவனித்தாள்.

எல்லாம் அந்த வெள்ளை மண்ணால் வந்தது. முந்தின வருடம் செள்ளுப்பூச்சி பாதிக் கோழிகளை உறிஞ்சியே தீர்த்திருந்தது. மீதிக்கும் அது பரவியபோது கால்நடை மருந்துக்கடைக்காரர் ஒரு மூட்டை டயட்டம் மண்ணைக் கொடுத்தார். "எப்பவோ வத்திப்போன கடலோட அடிமண்ணும்மா. கண்ணுக்குத் தெரியாத பாசியோட ஓடு. பூச்சி மேல பட்டா கீறி, ஈரத்தை உறிஞ்சிக் கொன்னுடும். நனைய விடாதீங்க, மூக்குல துணி கட்டிக்கிட்டுத் தூவுங்க." அவள் அப்படியே செய்தாள். கோழிகள் புரளும் குழியில் கலந்தாள், கூட்டின் இடுக்குகளில் தூவினாள், மீந்ததை ஆட்டின் முதுகிலும் நாயின் காதோரத்திலும் தேய்த்தாள். செள் ஒழிந்தது, கடல் வந்தது. ஏற்றத்தின்போது ஆடு மரத்தின் நடுக்கிளையில் நின்று மேய்ந்தது. நாய் வெட்கப்பட்டுக் கட்டிலுக்கடியில் பதுங்கி, கட்டிலையும் தூக்கிக்கொண்டு போனது.

அதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் வைத்ததைத் தீய விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடுவாள். அங்கே நின்றால் அடுப்பு ஞாபகம் வரும். ஒரு பெட்டை கதவு வழியாக மிதந்து அடுத்த வீட்டுக் கூரையைத் தாண்டிப் போனது, போனதுதான். மற்றவற்றின் கால்களில் கயிறு கட்டினாள். மூட்டை சுமந்தே இடுப்பு ஒடிந்துபோன அவள் வீட்டுக்காரர், நாற்காலியில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"தண்ணி அடிச்சுக் கழுவிடு."

"செள்ளு திரும்ப வந்துடுமேங்க."

"வரட்டும். செள்ளு கடிச்சுச் செத்துச்சுன்னா நாலு பேரு நம்புவாங்க. மிதந்து போச்சுன்னா எவன் நம்புவான்?"

மறுநாள் அவரே குழாயை இழுத்துக்கொண்டு, மறித்து நின்றவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். ஏற்றம் பெருகிக்கொண்டிருந்தது. குழாய் கையிலிருந்து நழுவ, அவர் கால்கள் தரையை விட்டன. மல்லாந்த நிலையில் உத்தரம்வரை போனவரின் பாதத்தை, அவள் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பிடித்தாள்.

"விடு," என்றார். "இடுப்பு வலிக்கல."

வலியில்லாத அந்தக் குரலை அவள் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் விட மனம் வரவில்லை. வற்றம் வரும்வரை பிடித்தபடியே நின்றாள்.

பிறகு கூரைக்கும் வலை போட்டார்கள். மண் தீரத் தீர வாங்கித் தூவினார்கள். அவர் தினமும் ஏற்றத்தில் போய்ப் படுத்தார். அவள் மட்டும் மடியில் இரண்டு செங்கல்லைக் கட்டிக்கொண்டு, தரையில் அழுந்த நடந்து, கோழியையும் அவரையும் மாறி மாறி அண்ணாந்து எண்ணிக்கொண்டு அலைந்தாள். முட்டை வியாபாரி தெருவிலிருந்தே, "ஏத்தமா, வத்தமா?" என்று கேட்டுவிட்டுத்தான் படலைத் திறப்பார். ஒரு நாள் கேட்டதற்குப் பதில் இல்லை. வந்து பார்த்தால் செங்கல் இரண்டும் வாசலில் கிடந்தன. மேலே உத்தரத்தருகே புருஷனும் பெண்டாட்டியும் தீவனத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வியாபாரி அந்தச் செங்கற்களின் மேல் உட்கார்ந்து வற்றத்துக்காகக் காத்திருந்தார்.