பின்வரிசையில் ஒரு குழந்தை

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் பிறந்ததும் போட்ட முதல் அழுகை, அவள் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பு பதிவான ஒரு கச்சேரியின் முதல் பாட்டில் கேட்டது. அறையில் கேட்கவில்லை. மழையில் பாலம் மூழ்கி, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல், கீழ்வீட்டு நர்ஸ்தான் மேலே வந்து பிரசவம் பார்த்தாள். குழந்தை வாயைத் திறந்தது, முகம் சிவந்தது, வயிறு குழிந்து எழும்பியது. சத்தம் மட்டும் வரவில்லை. அதே நேரம், மனைவியின் வலிக்கும் தன் நடுக்கத்துக்கும் மருந்தாக இருக்கட்டும் என்று அவன் ஓடவிட்டிருந்த டேப் ரிக்கார்டரில், பாடகியின் கிதாருக்குப் பின்னால், கூடத்தின் கடைசி வரிசை என்று சொல்லத்தக்க தூரத்தில், ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டது. பாடகி பாட்டை நிறுத்தினார். "பின்னால ஒரு குழந்தை அழுவுது. அது அழுது முடிக்கட்டும், அப்புறம் நான் பாடறேன்" என்றார். கூடம் சிரித்தது. லிஃப்ட் மெக்கானிக் சிரிக்கவில்லை. அந்தக் கேசட்டில் எந்த இருமல் எந்த வரிக்குப் பின்னால் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன் அவன். பாடகியின் அந்தப் பேச்சு அதில் இருந்ததே இல்லை.

அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் அது. தாங்களே எழுதி, தாங்களே கிதாரோ ஆர்மோனிக்காவோ வாசித்துப் பாடுகிறவர்களின் மேடைப் பதிவுகளை அவன் சேர்த்தான். நாட்டுப்பாட்டு, ராக் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஆள் கூட்டத்துக்கு முன்னால் நின்று பாடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டுடியோவில் பாடியது இஸ்திரி போட்டு மடித்து வைத்த சட்டை, மேடையில் பாடியது ஒருத்தன் போட்டுக் கசக்கிய சட்டை, ஆள் வாசனை அதில்தான் இருக்கும் என்பான். தந்தி அறுவது, வரி மறந்த பாடகர் அசடு வழியச் சிரிப்பது, முன்வரிசையில் யாரோ பாட்டிலை உருட்டிவிடுவது, இவை வரும் இடங்களுக்காகக் காத்துக்கொண்டிருப்பான். ஆனால் ஒரு கச்சேரிக்கும் நேரில் போனதில்லை. கூட்டம் என்றால் அவனுக்குக் குலை நடுங்கும். லிஃப்ட் கூண்டின் தலைமேல் தனியாக உட்கார்ந்து, இருட்டில் கம்பிக் கயிறுகளை விரலால் தடவிப் பார்த்து, இழை விட்டிருக்கிறதா என்று சொல்லும் வேலை அவன் சுபாவத்துக்குத் தோதாக இருந்தது. தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் அவன் மனைவிக்கு இந்தக் கேசட்டுகள் எரிச்சல். பாட்டுக்கு நடுவில் இருமுவதைக் கேட்க இவ்வளவு பாடா, எங்கள் ஆபீஸுக்கு வந்தால் பாட்டே இல்லாமல் இருமுகிறார்களே என்பாள்.

அந்தக் குறிப்பிட்ட கேசட் அவனைப் போலவே கிறுக்குப் பிடித்த ஒரு பல் டாக்டர் கொடுத்தது. பழைய ஆலைக் கிடங்கு ஒன்றில் நடந்த கச்சேரி. யாரோ ஒரு ரசிகர் கோட்டுப் பைக்குள் ரிக்கார்டரை ஒளித்து வைத்து எடுத்தது. அன்றைக்குப் பிறகு அந்தப் பாடகி எந்த மேடையும் ஏறவில்லை என்பதால் சேகரிப்பவர்கள் நடுவில் அதற்குத் தனி மவுசு இருந்தது. ஏன் ஏறவில்லை என்று யாருக்கும் தெரியாது.

குழந்தையின் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்த டாக்டர்கள் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். கேசட்டை நிறுத்தினால் குழந்தை சத்தமில்லாமல் அழுதது, ஓடவிட்டால் கச்சேரியில் அழுதது. பக்கத்து அறையில் இருக்கும் தாய்க்குப் பிள்ளையின் பசி தெரிய வேறு வழி இல்லாததால் டேப் ரிக்கார்டர் தொட்டிலோடு சேர்ந்தது. முதல் பாட்டு முடிந்ததும் பின்னால் சுற்றி மறுபடி முதல் பாட்டு. அந்தப் பெட்டியிலிருந்து அழுகை வந்தால் அவளுக்கு மார்பு கனத்துப் பால் சுரந்தது. விடுப்பு முடிந்ததும் குழந்தையை ஒரு தோளிலும் டேப் ரிக்கார்டரை ஒரு தோளிலும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். கடிதம் பிரிப்பவர்கள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் வாரம், பாடகி பாட்டை நிறுத்தியதும், "உன் பொண்ணு கூப்பிடுது பாரு" என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

பழகாதவன் தகப்பன் ஒருவன்தான். பல் டாக்டர் அந்தக் கேசட்டை இன்னொன்றில் நகல் எடுத்துக் கொடுத்தார். நகலில் பாட்டு இருந்தது, இருமல் இருந்தது, குழந்தை இல்லை. அப்படியென்றால் மகளின் குரல் இருப்பது விரல் அகலம்கூட இல்லாத இந்த ஒரே ஒரு பழுப்பு நாடாவில்தான் என்று அவனுக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைப்பான், அதை இழுக்கும் ரோலரைத் துடைப்பான், நாடாவில் கசங்கல் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். கம்பிக் கயிறு இழை இழையாக எச்சரித்துவிட்டுத்தான் அறும். நாடா அப்படிச் சொல்லிக்கொண்டு போகாது என்று அவனுக்குத் தெரியும்.

குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கிய சமயத்தில் ஒரு காலை முதல் பாட்டு எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடி முடிந்தது. தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, கேசட்டில் பாடகி நிம்மதியாகப் பாடிக்கொண்டிருக்கிறார். பெட்டியை நிறுத்தவும் தோன்றாமல் லிஃப்ட் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தபோது இரண்டாம் பாட்டு ஆரம்பித்தது. அதற்குள்ளிருந்து மகள் கத்தினாள். குரல் தொலையவில்லை, நகர்ந்திருந்தது. மனைவி நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கோ அப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது. நகர்கிற குரல் இன்னும் நகரும். மூன்றாம் பாட்டுக்குப் போகும், நான்காம் பாட்டுக்குப் போகும். கேசட்டுக்கு ஒரு முடிவு இருக்கிறது. அதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை; அவளும் அதையே நினைத்துக்கொண்டு அவனிடம் சொல்லாமல் இருந்தாள்.

ஓட்டினால்தானே தேயும், ஓட்டினால்தானே நகரும் என்று அவன் கேசட்டை நிறுத்தி நிறுத்தி வைக்கத் தொடங்கினான். சாப்பிடும்போது மட்டும், பிறகு குளிக்கும்போது மட்டும், பிறகு பகலில் ஒரே ஒருமுறை. மகள் அவன் சட்டையைப் பிடித்து இழுப்பாள், தரையில் காலை உதைத்துக்கொள்வாள், எல்லாம் ஊமைப்படம். ஒருநாள் அவன் வேலை முடிந்து வந்தபோது குழந்தை கதவிடுக்கில் விரல் நசுங்கி எவ்வளவு நேரமாகவோ அழுதுகொண்டிருந்தது. கேசட் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு எதுவும் தெரியவில்லை. விரலுக்குத் துணி சுற்றிவிட்டு அவள் பீரோவைத் திறந்து கேசட்டை எடுத்து வந்தாள். கத்தவில்லை. "தேய்ஞ்சிடும் தேய்ஞ்சிடும்னு பெத்த பிள்ளைய ஊமையா வெச்சிருக்கீங்களே. சேத்து வெச்சு என்ன பண்ணப் போறீங்க? அவ பேசற வரைக்கும் பேசட்டும்" என்றாள். அதன்பிறகு அந்த வீட்டில் டேப் ரிக்கார்டர் நிற்கவில்லை.

மூன்றாம் பாட்டில் மகள் அம்மா என்றாள். உப்பு ஏற்றிப் போகும் லாரிக்காரனைப் பற்றிய நான்காம் பாட்டில், லாரி எங்கே என்று கேட்டாள். கிடங்கு முழுக்கச் சிரித்தது, பாடகி அடுத்த வரியை விட்டுவிட்டார். அவள் வளர வளரக் கூடத்தில் சிரிப்பு குறைந்தது. இது யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு பெண் கேட்டாள். நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் வந்தது. யாரோ தீப்பெட்டி உரசினார்கள். ஐந்தாம் பாட்டில் மகள் அப்பா என்று கூப்பிட்டபோது, பாடகி மெல்லிய குரலில், "இவளோட அப்பா இங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். சமையலறையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக், இருக்கேன், இருக்கேன் என்றான். கூடத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பாடகியின் கிதார் அதற்குப் பிறகு தாளம் தவறித் தவறியே ஒலித்தது.

எட்டாவது பாட்டுதான் கடைசி. குரல் ஏழாம் பாட்டின் நடுவுக்கு வந்தபோது அவன் பல் டாக்டரிடம் போய் வாய்விட்டு அழுதான். டாக்டர் யார் யாரையோ விசாரித்து, அந்தப் பாடகி நெடுஞ்சாலை ஓரம் செடிப் பண்ணை வைத்திருப்பதாகக் கண்டுபிடித்தார். அவனும் மனைவியும் மகளும் பஸ் ஏறிப் போனார்கள். மனைவியையும் மகளையும் வெளிக் கதவருகே நிறுத்திவிட்டு அவன் மட்டும் உள்ளே போனான். நரைத்த தலையும் மண் அப்பிய கையுமாக வந்த பாடகியிடம் ஆலைக் கிடங்குக் கச்சேரி என்று ஆரம்பித்ததுமே அவர் கையிலிருந்த பூந்தொட்டியைக் கீழே வைத்துவிட்டார். அவன் முழுவதையும் சொல்லி முடித்தான். பாடகி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அது உசுரோட இருக்கா?"

"வெளிய நிக்கறா."

பாடகி ஓடினார். கதவருகே நின்ற சிறுமியின் முகத்தை மண் கையோடு தடவி, கீழே உட்கார்ந்து விம்மினார். அன்றைக்கு எல்லா விளக்கையும் போட்டு நாற்காலிக்கு அடியிலெல்லாம் தேடினோம் என்றார். அரை மணி நேரத்துக்குள் ஒரு கைக்குழந்தை அழுது, பேசி, சிறுமியாக வளர்ந்ததைக் காதால் கேட்டவர் அவர். செத்துப்போன ஏதோ ஒரு பிள்ளை தன் பாட்டில் மாட்டிக்கொண்டது என்று நினைத்துத்தான் மேடையை விட்டார். அந்தக் கேசட்டில் முன்பு குழந்தையே இல்லை, இவருக்கோ அன்றைக்கே கேட்டிருக்கிறது, இது எப்படிப் பொருந்தும் என்று பல் டாக்டர் பின்னால் பலரிடம் கேட்டார்.

லிஃப்ட் மெக்கானிக் கேட்க வந்ததைக் கேட்டான். கடைசியில் என்ன ஆயிற்று?

"கடைசிப் பாட்டு அன்னிக்குத்தான் முதல்முதலா பாடறேன். அதுக்கு எல்லா வரியும் தெரிஞ்சிருந்தது. கூடவே பாடிச்சு. கை தட்டினாங்க. அதுக்கப்புறம் குரல் இல்லை."

"இல்லைன்னா?"

"இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி மகளை இறுகக் கட்டிக்கொண்டு வந்தாள். மூச்சு வருகிறதா என்று அவன் மகளின் மூக்கருகே விரல் வைத்து வைத்துப் பார்த்தான். குரல் எட்டாம் பாட்டுக்கு வந்ததும், கைதட்டல் வருவதற்கு ஒரு வரி முன்னால் பொத்தானை அமுக்கி நிறுத்துவது அவன் வேலையாயிற்று. லிஃப்டுகள் பழுதாகிக் கிடந்தன. அவன் பெட்டியை விட்டு நகரவில்லை. மகள் ஒவ்வொரு முறையும் பாட்டின் கடைசி வரியில் வாயைத் திறந்தபடி அறுபட்டு நின்றாள். பேச வந்ததையெல்லாம் விட்டுவிட்டு அந்தப் பாட்டை மட்டுமே பாடினாள், முடிக்க முடியாமல். பிறகு சாப்பிட மறுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாடகி தானே வந்தார். கிதார் கொண்டு வரவில்லை. சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, பிள்ளை தனியாகப் பாட வேண்டாம் என்றார். மனைவி பெட்டியைப் போட்டாள். கடைசிப் பாட்டு தொடங்கியது. கேசட்டில் இளம் குரலில் பாடகி, அதற்குள் மகள், எதிரே கரகரத்த குரலில் அதே பாடகி. கடைசி வரி வந்தபோது லிஃப்ட் மெக்கானிக்கின் விரல் பொத்தானுக்குப் போனது. மகள் அந்த விரலைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவன் கண்ணை மூடினான். பாட்டு முடிந்தது. கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்து, நாடா இரைந்து, பொத்தான் தானாக மேலே எழும்பியது. உயிரோடு வாழும் பாடகி ஒருவர் அவன் வீட்டுச் சமையலறையிலேயே பாடியதைக் கேட்டானே, எப்படி இருந்தது என்று பல் டாக்டர் பின்னொரு நாள் பொறாமையோடு விசாரித்தபோது, அவனுக்கு ஒரு வரிகூட நினைவில் இல்லை.

மனைவி மகளின் முதுகில் காது வைத்துக் கேட்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. வாய் திறந்து மூடியது; ஒன்றும் இல்லை. மறுபடி திறந்தது. குழாயில் நீர் சொட்டியது. பெரியவர்கள் மூன்று பேரும் சொட்டை எண்ணுவதுபோல் இருந்தார்கள். அப்போது மகளுக்கு விக்கல் எடுத்தது, அது அறையில் கேட்டது.

"தண்ணி" என்றாள் மகள். அவளுடைய வாயிலிருந்தே வந்தது. அதற்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார்.

கேசட்டை மறுபடி போட்டுப் பார்த்தபோது பாட்டுகள் மட்டும் இருந்தன. ஒரு இருமல், ஒரு சிரிப்புகூட இல்லை, ஸ்டுடியோவில் பாடியதைப் போலச் சுத்தமாக இருந்தது. கூடம் முழுவதும் மகளோடு வந்துவிட்டது. அவள் பேசினால் கிடங்கின் எதிரொலி கொஞ்சம் சேர்ந்து வரும். வேடிக்கையாக ஏதாவது சொன்னால் முகம் தெரியாதவர்கள் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவளைக் கடைசியாகப் படிக்கச் சொல்லுவார், கைதட்டலோடு வகுப்பு முடியட்டும் என்று. பாடகி வருடத்துக்கு இரண்டு தடவை செடிகளோடு வந்து போனார். லிஃப்ட் மெக்கானிக்கைப் பயம் முழுதாக விடவில்லை. மகள் தூங்கும்போது அருகில் உட்கார்ந்து, கூடம் இன்னும் மூச்சு விடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பான். இப்போது அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கிறாள். இன்ன வண்டி இன்ன நடைமேடைக்கு வருகிறது என்று அவள் சொல்லி முடித்ததும் ஒலிபெருக்கியில் மிதமான கைதட்டல் எழும். பயணிகள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நகர்வார்கள். வண்டி தாமதம் என்றால் கை தட்ட மாட்டார்கள். யாராவது ஒருவர் இருமுவார்.