வீடு மாறிய முன்னோர்

டைல்ஸ் கடைக்காரரின் கொள்ளுத்தாத்தா, இறந்து தொண்ணூற்றிரண்டு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வந்து அழைப்பு மணியை அழுத்தினார். முந்தின நாள்தான் அவர் பெயர் பழைய சிறைப் பதிவேடு ஒன்றில் அகப்பட்டிருந்தது. கன்னம் வைத்துத் திருடியதற்கு நாலு வருடம். மகனுக்குப் பெண் கொடுக்கவிருந்த சம்பந்தி வீட்டார் தங்கள் பரம்பரையில் ஒரு தளபதி இருந்ததாகப் பீற்றிக்கொண்டதில் கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. தன் பக்கம் ஒரு மந்திரியாவது தேறுவார் என்ற நப்பாசையில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவரைப் பதிவேடுகளைப் புரட்ட ஏவியிருந்தார். அதன்பின் ஒவ்வொரு பெயரும் கிடைத்த மறுநாள், அந்தப் பெயருக்குரியவர் செத்தபோது இருந்த வயதில், உடுத்தியிருந்த துணியோடு வந்து சேர்ந்தார். தூக்குக் கயிறு திரித்தவர் வந்தார். பொய்ச்சாட்சி சொல்லியே பிழைத்தவர் வந்தார். மூன்று ஊர்களில் மூன்று புருஷன்களை விட்டுவிட்டு ஓடிய முப்பது வயதுக்காரி வந்தாள். மந்திரி மட்டும் வரவில்லை.

ஏழு பேர் சேர்ந்ததும் அவமானம் பிடுங்கித் தின்ன, கடைக்காரர் அவர்களை உடைந்த டைல்ஸ் கிடந்த கிடங்கில் தங்கவைத்து, லோடு இறக்க வந்த ஆட்கள் என்று ஊருக்குச் சொன்னார். அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, அவரையே பொருட்படுத்தவில்லை. கொள்ளுத்தாத்தா கூடத்துத் தரையை விரல் முட்டியால் தட்டி, "டொக்கு டொக்குங்குது. டைல்ஸ் விக்கிறவன் வீட்டுத் தரையா இது?" என்று உதட்டைப் பிதுக்கினார். ஓடிப்போனவள் குமாஸ்தா வரைந்த வம்ச வரைபடத்தை உற்றுப் பார்த்தாள். கடைக்காரர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு இறங்கி, கீழே பெயரில்லாமல் நின்றது. "கோடு இருக்கே, ஆள் எங்க?" என்றாள். அது தங்கை. லாரி மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டதால் பதினாறு வருடத்துக்கு முன் துரத்தப்பட்டவள். பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கோட்டையும் விட்டுவிட குமாஸ்தாவுக்கு மனம் வரவில்லை. "அவளால குடும்ப மானமே போச்சு" என்றார் கடைக்காரர். ஓடிப்போனவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு ஏதுடா மானம்? எங்ககிட்டயே இருந்ததில்லையே."

அன்று பகலே ஏழு பேரும் வரிசையாகக் கடைத்தெரு வழியே நடந்து, லாரிப் பட்டறைக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை வீட்டுக்குப் போனார்கள். கிரீஸ் படிந்த சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்த தங்கை, ஏழு முகத்திலும் தன் மூக்கைப் பார்த்தாள். "அண்ணன் அனுப்பிச்சாரா?"

"எங்கள அனுப்ப அவன் யாரு?" என்றார் கயிறு திரித்தவர்.

பதினாறு வருடமாகப் பிறந்த வீட்டிலிருந்து அவளைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. பிழிந்த சட்டையையே அவள் திரும்பத் திரும்பப் பிழிந்தாள். பிறகு, "இடம் பத்தாது. ஒட்டி ஒட்டித்தான் படுக்கணும்" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கடைக்காரர் ஏழு ஜோடி புதுத்துணியோடு அங்கே போய் நின்றார். சம்பந்திக்கு எதிரே மந்திரி பரம்பரை மாதிரி ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்றார். தங்கை கதவை முழுசாகத் திறக்காமல் உள்ளே திரும்பி, "யாரோ வந்திருக்காரு, தெரிஞ்சவரா பாருங்க" என்றாள். பொய்ச்சாட்சிக்காரர் எட்டிப் பார்த்தார். "சத்தியமா இந்த ஆள நான் பாத்ததே இல்ல" என்றார். கடைக்காரர் துணி மூட்டையைச் சுமந்துகொண்டே திரும்பினார்.

அடுத்த வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண், அந்த வீட்டில் ஒன்பது பேர் என்று எழுதினாள். வயது கேட்டாள். இருநூற்றுப் பதினொன்று, நூற்றெழுபத்தெட்டு என்று அவர்கள் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.