ஐந்தாவது ஆள்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: ரேடியோவின் அம்மா, அவன் தங்கை, ரேடியோ, நான். அம்மாவின் கணக்கில் ஐந்து பேர்.

ரேடியோதான் மாப்பிள்ளை. எங்கள் ஊர்க் குளிர்பதனக் கிடங்கில் இரண்டு வருடம் என்னோடு ராத்திரி ஷிப்ட் பார்த்தவன். வாயைத் திறந்தால் செய்தி வாசிப்பது போல இருக்கும். அதனால் அந்தப் பட்டப்பெயர். தன் அண்ணன் காணாமல் போனதும் வேலையை விட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பினான். அதன்பிறகு போனில் கேட்டதெல்லாம் தகரத்தைத் தேய்ப்பது போன்ற குரல். சளி என்றான். மூன்று வருடமாக ஒரே சளி.

நானும் போன மாதம் கிடங்கை விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை பகல் வேலையில் சேர வேண்டும். போனில் வரும் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலை, தொண்டைதான் முதலீடு. நடுவில் கல்யாணத்துக்கு மூன்று நாள். கிடங்கு ஆட்களில் என்னை மட்டும் அழைத்திருந்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அம்மா முப்பது வருடம் மாணவர் விடுதியில் வார்டனாக இருந்தவர். ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. வாசற்கதவைப் பூட்டுமுன் மாடிப்படி அடியில் சாவிக்கொத்தோடு நின்று ஆள் எண்ணுவார்.

“சின்னவன்” என்றார். ரேடியோ “இருக்கேன்” என்றான். “பாப்பா” என்றதும் தங்கை குரல் கொடுத்தாள். “விருந்தாளி” என்றபோது நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

“பெரியவன்.”

ரேடியோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அதே குரலில் மறுபடி கூப்பிட்டார்.

கிடங்கிலும் ஷிப்டுக்கு முன் ஆள் எண்ணுவார்கள். ஒருவன் பதில் சொல்லாவிட்டால் எல்லோரும் குளிரில் நிற்க வேண்டும். அதனால் வராதவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் குரல் கொடுத்துவிடுவான். குரல் கொடுத்தவன் அவன் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். என் வாய் தானாகவே “இருக்கேன்” என்றது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாடியைப் பார்த்தார். “எல்லாரும் உள்ளே” என்று சொல்லிச் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

எனக்குக் கொடுத்தது மாடியில் பெரியவனின் அறை. இரண்டு கட்டில். ஆள் இல்லாத கட்டிலிலும் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தார்கள். காலையில் பார்த்தால் அதன் நடுவே ஒரு பள்ளம், ஒருக்களித்துப் படுத்த ஆள் அளவுக்கு. என் தொண்டை கரகரத்தது. தங்கை வெந்நீர் கொண்டு வந்து வைத்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். விரிப்பைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மாலை நான் வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் நின்றேன். அம்மா பெரியவனை எட்டு முறை கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. எட்டாவது முறை என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிறு மதியம், விடுமுறையிலும் திறந்திருக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். மணப்பெண் மருந்துக்கடைக்காரி, வெடுக்கென்று பேசுபவள். உறுதிமொழியை ரேடியோ வாசித்தபோது அறையே நிமிர்ந்தது. பழைய குரல், பிசிறில்லாமல்.

“யாருங்க இது? நான் வேற ஆளையில்ல பேசி முடிச்சேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சாட்சியாக நான் என் பெயரைச் சொல்ல வேண்டும். தகரம் தேய்ந்தது. அதிகாரி மூன்று முறை கேட்டுவிட்டுக் கடைசியில் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

ரேடியோவை நடையில் ஓரங்கட்டினேன்.

“தெரிஞ்சுதான் கூப்பிட்டியா?”

“நீ சும்மா நிக்க மாட்டேன்னு தெரியும் மச்சான். எனக்கே எத்தனை நாள் குரல் கொடுத்திருக்க.”

“உன் தங்கச்சி கொடுக்கட்டுமே.”

“கொடுத்துப் பாத்தா. ஆம்பளக் குரலா இல்லன்னா சாவி சுத்தாது. கதவு பூட்டலன்னா அம்மா அவனைத் தேடிக் கிளம்பிடுவாங்க. ஒரு தடவை ரெண்டு நாள் கழிச்சுப் புடிச்சோம், வெறுங்காலோட.”

“அதுக்கு நானா கெடச்சேன்?”

“மூணு வருஷம் நான் கொடுத்தேன்டா. எனக்கும் பொண்டாட்டி கூட நாலு வார்த்தை பேசணும்ல.” கொஞ்சம் நிறுத்தினான். “திட்டணும்னா திட்டிக்க. சத்தமா முடியாது உன்னால.”

அங்கிருந்தே மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். என் விமானம் மறுநாள். இன்னொரு மாலை அந்தப் படியடியில் நின்றால் மிச்சமும் போய்விடும். செவ்வாய்க்கிழமை போனை எடுத்து மூச்சுவிடத்தான் முடியும். பையை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குள் வெளியேறி, விமான நிலைய நாற்காலியில் கிடக்கலாம் என்று முடிவு செய்தேன்.

மாடியிலிருந்து பையோடு இறங்கும்போது ஆறுக்கு நான்கு நிமிடம். அம்மா சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். ஆள் குறைவுதானே, சீக்கிரம் தொடங்கிவிட்டார்.

“பாப்பா.”

“இருக்கேன்” என்ற தங்கை கதவைக் கண்ணால் காட்டினாள். “அண்ணா, நீங்க வாசப்படி தாண்டிடுங்க. வெளிய நிக்கறவங்கள எண்ண மாட்டாங்க” என்று முணுமுணுத்தாள்.

தாண்டினேன். வெயில் இன்னும் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“பெரியவன்.”

பொத்திய கைக்குள் என் உதடு அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை.

“இருக்கேன்” என்று மாடியிலிருந்து பதில் வந்தது. கரகரப்பில்லாத குரல். வெள்ளிக்கிழமை நான் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்த குரல்.

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. “பத்திரமா போயிட்டு வாங்க தம்பி” என்றார். பிறகு உள்ளே திரும்பி, “எல்லாரும் உள்ளே” என்றார்.

கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பின்னால் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.