அரை அங்குலம்

இடுப்பு மூட்டை மாற்றிய மூன்றாம் நாள், நடக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார் டெய்லர். வலியா? அட, அதெல்லாம் இல்லை. வலியைப் பத்து வருடம் வாய் திறக்காமல் விழுங்கிய மனுஷர் அவர். டாக்டரம்மா மூட்டைத் தப்பாகப் பொருத்திவிட்டார், வலது கால் நீண்டுவிட்டது என்பது அவர் கட்சி.

"நடக்கலேன்னா மூட்டு இறுகிடும் சார்" என்று கெஞ்சினாள் பிசியோதெரபிப் பெண். "அப்புறம் படுத்த படுக்கைதான். வீட்ல நீங்க ஒருத்தர்தானே? யாரு பாத்துக்குவாங்க?"

யாருமில்லைதான். மனைவி போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம், பிள்ளைகளும் கிடையாது. ஆனாலும் மனுஷர் மசியவில்லை.

"அளவு எடுக்கிறவன்கிட்டயே அளவைப் பத்திப் பேசுறியேம்மா! இங்க பாரு." வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். பேன்ட்டின் இடது ஓரம் செருப்பைத் தொட்டது. வலது ஓரம் அரை அங்குலம் மேலே நின்றது. "நானே தைச்ச பேன்ட். நூல் பிசகாது. மறுபடி திறந்து சரிபண்ணச் சொல்லு டாக்டரை."

டாக்டரம்மா எக்ஸ்ரேயோடு வந்தார். "புது மூட்டோட கிண்ணம் சரியான சாய்வுல உக்காந்திருக்கு. ரெண்டு காலும் ஒரே அளவு" என்றவர், டெய்லரின் பையிலிருந்த இன்னொரு பேன்ட்டை எடுத்து மெத்தையில் விரித்தார். "இதை அளந்து பாருங்க."

ஆஸ்பத்திரியிலும் டேப்பைக் கைவிடாத டெய்லர் சவடாலாக அளந்தார். இடது நாற்பது. வலது முப்பத்தொன்பதரை. மறுபடி அளந்தார். முகம் செத்துப்போயிற்று.

இத்தனை வருடமும், தனக்குத் தைத்த பேன்ட்டோடு கடைக் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் வலது ஓரம் தரையைத் தேய்க்கும். கடைத் தரைதான் கோணல் என்று திட்டிக்கொண்டே ஒரு மடிப்பு கூட்டித் தைத்துவிடுவார். வாடிக்கையாளர் வாசலில் கால் வைக்கும்போதே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறவருக்கு, தேய்ந்த மூட்டால் தன் கால் குட்டையானது தெரியவில்லை. என்னத்தைச் சொல்ல!

"வருஷக்கணக்கா சாய்ஞ்சு நடந்திருக்கீங்க. யாருமே சொல்லலையா?" டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

டெய்லர் டேப்பைச் சுருட்டினார். "சொல்றதுக்கு, நான் நடக்கிறதை யாராவது பாக்கணுமே டாக்டர்."

டாக்டரம்மா அவர் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார். டெய்லர் வாக்கரை முன்னால் தள்ளினார்.

"பின்னால நின்னு பாரும்மா. சாயுறேனான்னு சொல்லு."

ஓரடி. ஈரடி. வியர்த்துக் கொட்டியது.

"நேராத்தான் நடக்கிறீங்க சார்" என்றாள் அந்தப் பெண். "எட்டு அடி ஆச்சு. இன்னிக்கு இது போதும்."

அவர் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பாரும்மா" என்றார்.