றெனால்ட் எம்.பி.க்கு றெனால்ட் எம்.பி. கொடுத்த கடிதம்

பாராளுமன்ற உறுப்பினர் றெனால்டுக்குச் சொந்தக் கருத்து கிடையாது என்று எதிரிகள் சொல்வது அவதூறு. அவரிடம் எப்போதும் ஒரு கருத்து இருந்தது. கடைசியாகத் தொலைபேசியில் பேசியவருடைய கருத்து.

அந்தப் புதன்கிழமை காலை, மன்னார் உப்புக்குளத்தில் உள்ள அவருடைய கந்தோரில் தொலைபேசி ஓயவே இல்லை. மறுநாள் பின்னேரம் ஐந்து மணிக்குக் கரையோரக் காணிச் சட்டமூலத்துக்கு வாக்கெடுப்பு. அது நிறைவேறினால் கடற்கரைக் காணிகளைக் கம்பனிகளுக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்துவிடலாம். கட்சித் தலைவர் ஆதரிக்கச் சொன்னார். ஓர் அமைச்சர், ஆதரித்தால் அவருடைய மாவட்டத்துப் பாப்பாமோட்டைக் கிராமத்துக்குத் தார் மெழுகிய கார்பெட் வீதி என்றார். தேவாலயத்துப் பங்குச் சுவாமி எதிர்க்கச் சொன்னார். மனைவி மக்டலின், அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வந்தால் எல்லோருக்கும் நல்லது என்றார். ஒவ்வோர் அழைப்புக்கும் றெனால்ட் எழுந்து நின்று, "ஓம், அது சரிதான்" என்றார். கதிரையில் இருந்தார். மறுபடி எழுந்தார். பத்து மணிக்குக் கொழும்புக்குக் கிளம்ப வேண்டும்.

வெளியே கதிரைகளில் நாற்பது பேர். அவர்களைச் சமாளிப்பது இணைப்பாளர் ஜுனைதீனின் பொறுப்பு. யார் என்ன குறையோடு வந்தாலும் கையில் ஒரு கடிதம். "இக்கடிதத்தைக் கொண்டுவருபவர் எனக்கு நன்கு அறிமுகமானவர். இவரது கோரிக்கை நியாயமானது. ஆவன செய்யவும்." வசனம் கணினியில் தயார். ஆளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கோரிக்கையையும் யாருக்கு என்பதையும் மாற்றினால் போதும். கடிதங்கள் பத்துப் பத்தாக உள்ளே போகும், எம்.பி. வாசிக்காமல் ஒப்பமிடுவார். வாசித்தால் மக்கள் சேவை தாமதமாகும் என்பது அவருடைய கொள்கை.

அஸீபாவின் முறை வந்தது. சிலாவத்துறையில் கருவாடு போடுகிறவர். யுத்தம் முடிந்து, இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி, பற்றையை வெட்டி மீன் காயவைக்க அவர் உண்டாக்கிய வாடி, இப்போது ஒரு கம்பனி கேட்டிருந்த காணிக்குள் கிடந்தது.

"போன கிழமையும் வந்தனீங்களெல்லோ, தங்கச்சி?" ஜுனைதீன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது மூண்டாம் தரம், நானா. முதல் கடிதம் பிரதேச செயலாளருக்குத் தந்தீங்க. ரெண்டாவது ஆளுநருக்கு. ரெண்டு இடத்திலயும் ஒரே கதை. இது பாராளுமன்றத்தில முடிவாகிற விஷயமாம்."

"சரி, இந்த முறை ஆருக்கு?"

"பாராளுமன்ற உறுப்பினர் றெனால்ட் அவர்களுக்கு."

"கோரிக்கை?"

"நாளைக்குச் சட்டமூலத்துக்கு எதிரா வாக்களிக்க வேணும்."

காது கேட்டதைக் கை அடித்தது. இடையில் வேறெதுவும் குறுக்கிடவில்லை. கடிதம் மற்ற ஒன்பதோடு உள்ளே போயிற்று. அமைச்சருக்கு "ஓம், அது சரிதான்" சொல்லிக்கொண்டே எம்.பி. தனக்குத் தானே கொடுத்த கடிதத்தில் ஒப்பமிட்டார். முத்திரையும் விழுந்தது.

கொழும்புக்குப் போன எம்.பி.யின் வாகனம் மதவாச்சியைத் தாண்டுவதற்குள், மன்னாரில் வாட்ஸ்அப் வைத்திருந்த அத்தனை பேரிடமும் அந்தக் கடிதத்தின் படம் இருந்தது. ஜுனைதீன் அழைத்தார்.

"சேர், ஒரு சின்ன விஷயம்."

"சொல்லும்."

"நீங்கள் உங்களுக்கு ஒரு கடிதம் குடுத்திட்டீங்கள். நாளைக்கு எதிர்க்கச் சொல்லி."

"ஆர் ஒப்பம் வச்சது?"

"நீங்கள்தான்."

"ஆரைக் கேட்டு வச்சனான்?"



பிறகு வந்த அழைப்புகள் சுருக்கமாக இருந்தன. சுவாமி நன்றி சொன்னார். கட்சித் தலைவர், இனி விளக்கம் எதுவும் தேவையில்லை என்று சொல்லித் துண்டித்தார். அமைச்சரின் வீதி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. காய்ச்சலையும் இனி ஊர் நம்பாது. பின்னேரமாகும்போது தொலைபேசி அடியோடு அடங்கிவிட்டது. றெனால்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதை எடுத்துச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. வேறு வழியில்லாமல் யாரோ அனுப்பிய கடிதத்தின் படத்தைத் திறந்தார். தான் ஒப்பமிட்ட கடிதமொன்றை அவர் வாசிப்பது அதுவே முதல் தடவை. 'இவரது கோரிக்கை நியாயமானது.' அந்த வரியை மூன்று தரம் வாசித்தார். அதில் பிழை பிடிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை அவருடைய பெயரைக் கூப்பிட்டபோது, "எதிர்" என்றார். முன்வரிசையிலிருந்து தலைவர் திரும்பிப் பார்த்தார். சட்டமூலம் பெரும்பான்மையால் நிறைவேறியது.

வெளியே வந்து, கடிதத்தில் இருந்த அஸீபாவின் தொலைபேசி இலக்கத்துக்கு அவரே அழைத்தார். வாக்களித்த வீடியோவைப் பரப்பிவிட்டால் நல்லது என்று சொல்வதாகத்தான் யோசனை.

"பாத்தீங்களோ, தங்கச்சி?"

"பாத்தன் சேர். அல்லாஹ் உங்களுக்கு நல்லதைத் தரட்டும்." அவருக்குப் பின்னால் வாடிக் கூரையின் படங்கு காற்றில் படபடத்தது. "ஆனா நாங்க தோத்துட்டம்தானே."

"தோத்திட்டம்தான்."

"நாளைக்குப் பின்னேரம் காணி அளக்க வாறாங்களாம். சட்டத்துக்கு வச்ச ஒப்பம் காயக்கூட விடல்ல. பொம்புளையள் நாங்க பன்னிரண்டு பேர் வாடிக்கு முன்னால நிக்கிறம். நீங்களும் வந்து நில்லுங்கோ."

இந்த மாதிரி அழைப்புகளுக்கென்று அவரிடம் பதில்கள் இருந்தன. கட்சிக் கூட்டம், இரத்த அழுத்தம், பொலிஸ் பாதுகாப்பு. இருபது வருட அரசியலில் ஒன்றும் பொய்த்ததில்லை. இன்றைக்கு எதை எடுத்தாலும் 'இவரது கோரிக்கை நியாயமானது' என்ற வரி குறுக்கே வந்தது. சாரதி, வாகனக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எந்தப் பக்கம் என்று கேட்கிற முகத்தோடு நின்றான்.

"சேர், லைன்ல இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன். எத்தினை மணிக்கு?" என்று கேட்டார் றெனால்ட்.