கித்தாருக்கும் தொண்டைக்கும் நடந்த சண்டை

கண்ணையனும் இராமதாசும் பதினான்கு மாதம் ஒரே மேடையில் நின்றார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசியே தீர வேண்டியதை டிரம்ஸ் வாசித்த கிருஷ்ணசாமி வழியாகச் சொல்லிக்கொண்டார்கள். ஸ்ருதி ஏறிப்போச்சு என்று அவனிடம் சொல்லு என்பான் ஒருவன். என் தொண்டை சரியாத்தான் இருக்கு, கித்தாரைப் பார்க்கச் சொல்லு என்பான் மற்றவன். இருவருக்கும் நடுவே மூன்றடிகூட இருக்காது. கிருஷ்ணசாமி பொறுமைசாலி. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன். பழைய சினிமாக் கொட்டகை ஒலிபெருக்கியைப் பிரித்து அவர்களுக்குக் கித்தார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் செய்து கொடுத்ததே அவன்தான். அந்த ஆம்ப் உயிரோடு இருக்கிற வரைக்கும் குழுவும் இருக்கும் என்று அவன் நம்பினான்.

குழுவுக்கு, தறியில் ஓடும் நாடாவை நினைத்து, ‘ஸ்டீல் ஷட்டில்’ என்று பெயர் வைத்தவன் கண்ணையன். முதலியார்பேட்டைக்காரன், மில்லில் தறி ஓட்டிய நாராயணசாமியின் மகன். எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய மகன் பிரான்சின் மர்சேயிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் ஹார்ட் ராக் கேசட்டுகளாக அள்ளிக்கொண்டு வருவான். எண்பத்தொன்றில் திரும்பிப் போகும்போது தன் எலெக்ட்ரிக் கித்தாரைக் கண்ணையன் கையில் கொடுத்துவிட்டுப் போனான். கண்ணையன் சோறு தண்ணி மறந்தான். கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, திரும்பச் சுற்றி, ஒரு வரி விரலில் வந்து உட்காரும்வரை விடமாட்டான். இரண்டே வருடத்தில் புதுச்சேரியில் அவனைப்போல வேகமாக வாசிக்க இன்னொருவன் இல்லை. அது அவனுக்கும் நன்றாகத் தெரியும்.

இராமதாஸ் அரியாங்குப்பம். ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிற வேலை. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. இங்கிலீஷ் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அர்த்தம் தெரியாமலேயே பாடுவான். ஆனால் அவன் உச்சத்துக்குப் போகும்போது கண்ணையனுக்கு முதுகுத்தண்டு சில்லிடும். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

எண்பத்து நான்கு கடைசியில், ஒரு சொல்தா வீட்டுக் கல்யாண நடன விருந்தில்தான் பிளவு விழுந்தது. கண்ணையன் தனியாக வாசிக்கத் தொடங்கி இரண்டு நிமிடம் தாண்டியிருக்கும். இராமதாஸ் சட்டென்று நடுவில் புகுந்து பல்லவியை எடுத்துவிட்டான். கூட்டம் கைதட்டியது. கீழே இறங்கியதும், ஏன் நடுவில் புகுந்தாய் என்று கண்ணையன் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். ஜனங்கள் ஆட வந்திருக்கிறார்கள், உன் விரலை வேடிக்கை பார்க்க வரவில்லை என்றான் இராமதாஸ். படிக்கத் தெரியாத பாட்டைப் பாடுகிறவன் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்றான் கண்ணையன். அந்த வார்த்தை தைத்துவிட்டது. அத்தோடு பேச்சு நின்றது.

ஆனாலும் ஞாயிறு தவறாமல் நோணாங்குப்பத்தில் ஆற்றங்கரையோரம் காலியாகக் கிடந்த கோழிப்பண்ணைக் கொட்டகையில் பயிற்சி நடந்தது. முதலில் வந்து நிற்பது எப்போதும் அந்த இருவர்தான். வெளியே ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று, சாவியோடு வரும் கிருஷ்ணசாமிக்காகக் காத்திருப்பார்கள்.

எண்பத்தைந்து மழைக்காலத்தில் நாராயணசாமி வேலை பார்த்த மில்லில் இரவு ஷிப்டை நிறுத்தினார்கள். அந்த வேளைக்கு ஊதும் சங்கும் நின்றுபோனது. அவரைப்போலப் பலர் வீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இராமதாஸ் ஒரு தாளைக் கிருஷ்ணசாமியிடம் நீட்டினான். அவனே எழுதிய தமிழ்ப் பாட்டு.

*சங்கு ஊதல சங்கு ஊதல*
*எங்க தெருவுல பொழுது விடியல*

கண்ணையன் சிரித்தான். ராக் தமிழில் வராது, இது என்ன கட்சிக் கூட்டமா என்று கிருஷ்ணசாமியைப் பார்த்துக் கேட்டான். இராமதாஸ் தாளைத் திரும்ப வாங்கவில்லை.

எண்பத்தாறு பொங்கலுக்கு முதலியார்பேட்டை மைதானத்தில் தொழிலாளர் விளையாட்டு மன்றத்து விழா. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடை ஏறினார்கள். மூன்று இங்கிலீஷ் பாட்டு முடிந்தது. பையன்கள் குதித்தார்கள், பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான்காவதாக இராமதாஸ் சங்குப் பாட்டை எடுத்தான்.

முதல் வரி முடியும் முன்பே கண்ணையன் ஆம்பின் குமிழைக் கடைசிவரை திருகினான். தவறிப்போய்த் திருகவில்லை. வேண்டுமென்றேதான். கித்தார் இடிபோல விழுந்தது. இராமதாசின் வாய் அசைவது தெரிந்ததே தவிர ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

இராமதாஸ் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. மைக்கை அணைத்து ஸ்டாண்டில் வைத்தான். மேடையிலிருந்து குதித்தான். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துபோய், ஜனங்களின் முகத்துக்கு நேரே நின்று பாடத் தொடங்கினான்.

கிருஷ்ணசாமி குச்சிகளை மடியில் வைத்துவிட்டான். கண்ணையன் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தான். அவன் விரல்கள் அதுவரை ஓடாத வேகத்தில் ஓடின. பார்க்கத்தான் ஆள் இல்லை. இருநூறு முதுகுகள் மேடைப் பக்கம் திரும்பியிருந்தன. மூன்றாவது வரிசையில் அவன் அப்பா இராமதாசுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றிருந்தார். வீட்டில் இரண்டு மாதமாக வாயைத் திறக்காத மனிதர். அவர் வாய் அசைந்தது. பாடுகிறார்.

என்ன பாடுகிறார் என்று கண்ணையனுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று இருந்தது. அவன் கை தானாகப் போய்க் குமிழைக் குறைத்தது.

அப்போதுதான் கேட்டது. மைக் இல்லாமல், திறந்த மைதானத்தில், கடைசி வரிசைவரை போகிற குரல். அதற்குக் கீழே தறிக்காரர்களின் கரகரத்த குரல்கள். இரண்டாம் முறைக்கே பல்லவியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு தொண்டையை வைத்துக்கொண்டு இவன் பதினான்கு மாதமாக என் சத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தானா என்று கண்ணையன் நினைத்தான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வியப்பு பெரிதாக இருந்தது. இரண்டே இரண்டு கூட்டுச் சுரங்களைத் தாழ்வாக, பாடுகிறவன் காலடிக்குப் பாய் விரிக்கிற மாதிரி வாசித்தான். கிருஷ்ணசாமியின் கால் மெல்லப் பெரிய டிரம்மை மிதித்தது.

இராமதாஸ் பாடிக்கொண்டே மேடைக்கு ஏறினான். மைக் சுவிட்சைப் போட்டான். கண்ணையன் பக்கம் திரும்பினான்.

“இப்ப நீ வாசிடா.”

கண்ணையனுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் விரல்நுனியில் வந்து நின்றது. ஒன்றையும் அவன் தொடவில்லை. தடித்த கம்பியை அழுத்தி, அடியிலிருந்து மெதுவாக இழுத்தான். சத்தம் முனகலாகக் கிளம்பி, ஏறி, இன்னும் ஏறி, ஊர் முழுக்கக் கேட்கிற ஊதலாகி நின்றது. மில் சங்கு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்கள்போல இடுப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டவர்களும் உண்டு. இராமதாஸ் மைக்கைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, அந்த ஊதல் தானாக அடங்கும்வரை காத்திருந்தான். இந்தத் தடவை நடுவில் புகவில்லை.

மேடைக்குப் பின்னால் ஒயர்களைச் சுருட்டும்போது கண்ணையன் பக்கத்தில் போய் நின்றான்.

“வேணும்னுதான் சத்தத்த ஏத்தனேன்.”

“தெரியும்” என்றான் இராமதாஸ்.

“அப்பவே திரும்பி என்னை அடிச்சிருக்கலாம்ல?”

“அடிச்சா கித்தார யாரு வாசிக்கறது?” இராமதாஸ் ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டான். “அந்தச் சங்க எப்பிடிடா புடிச்ச? எனக்கு அடுத்த வரியே மறந்துபோச்சு.”

அந்த ஒரு பாராட்டுக்காகத்தான் ஐந்து வருடமாக வாசித்துக்கொண்டிருந்தது என்று கண்ணையனுக்கு அப்போதுதான் புரிந்தது. உன் குரலைக் கேட்டு முதுகு சில்லிட்டிருக்கிறது என்று அவனும் சொன்னான். சொல்வதற்குள் நாக்கு நான்கு முறை தடுக்கியது.

சண்டை தீர்ந்துவிடவில்லை. அடுத்த ஞாயிறே, பாட்டு வேகம் போதாது என்று ஒருவனும், அதிகம் என்று ஒருவனும் கொட்டகை அதிரக் கத்தினார்கள். கிருஷ்ணசாமி டீ குடிக்கப் போய்விட்டான். அவன் நடுவில் தேவைப்படவில்லை. அப்படிக் கத்திக் கத்தியே அடுத்த மூன்று வருடத்தில் பதினோரு தமிழ்ப் பாட்டுகளை உருவாக்கினார்கள். கடலூர், விழுப்புரம், ஒருமுறை சென்னைக் கல்லூரி ஒன்றிலும் வாசித்தார்கள். அங்கே ஒரு மாணவன், உங்கள் குழுவில் தலைவர் யார் என்று கேட்டான். இருவரும் ஒரே சமயத்தில் “நான்தான்” என்றார்கள்.